கல்லறையிலுமா சாதி?

ஆண்டுதோறும் நவம்பர் 2-ந் தேதி கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்துப்போன தாய் தகப்பனை, பெற்ற பிள்ளையை, கூடப் பிறந்தவரை நினைத்துக் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்திற்குப் போவார்கள். புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் வந்து கல்லறைகளை மந்திரிப்பார். திருச்சி நகரத்தில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டம் இப்படிப்பட்ட ஓர் இடம். உழைத்து ஓய்ந்தவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் அங்கே உறங்குகிறார்கள்.

ஆனால் ஒன்றாக உறங்கவில்லை. அந்தத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பப்பட்டது. ஒரு பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவப் பிணம். மறுபக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவப் பிணம். ஒரே கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள், ஒரே அப்பத்தை வாங்கி உண்டவர்கள், மண்ணுக்குள் போகும்போது மட்டும் இரண்டு சாதியாகிவிட்டார்கள். பல ஆண்டுக் காலம் மனுக் கொடுத்தும், கூட்டம் போட்டும், ஊர்வலம் போயும் சுவர் அசையவில்லை. 2010-ல் ஆத்திரம் தாங்காத ஒரு குழுவினர் உள்ளே புகுந்து அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். அதன் பிறகுதான் பல ஊர்க்காரர்களுக்கு இப்படியும் ஒரு சுவர் இருக்கிறது என்பதே தெரிந்தது.

"இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம். ஒரு தொழிலாளர் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்களில் நம்முடைய தோழர்களும் இருக்கலாம். அந்தச் சுவருக்கு அப்பால் தள்ளப்பட்டுக் கிடப்பவர் யார்? லால்குடிக் கழனியில் நாற்று நட்டவர். திருச்சித் தெருவில் சாக்கடை அள்ளியவர். தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர். அவர் நம்முடைய ஆள். உயிரோடு இருந்தபோது கூலி உயர்வு கேட்டு நம்மோடு வந்தவர். அவர் செத்த பிறகு அவரை எங்கே புதைக்கிறார்கள் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா?

மேலப்புதூரோடு இது முடியவில்லை. இதே திருச்சி மாவட்டத்தில் கோட்டப்பாளையம் என்ற ஊர். அங்குள்ள தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், கோவில் திருவிழாவில் தங்களுக்குப் பங்கில்லை, கல்லறையும் தனியாக இருக்கிறது என்று புகார் சொல்லிக் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஐகோர்ட்டில் வழி கிடைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட் 2025 பிப்ரவரியில் சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதற்கு முன்பு, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச் 9-ந் தேதி நடந்ததை யார் மறக்க முடியும்? எங்களுக்கென்று தனிப் பங்கு கொடுங்கள், எங்கள் பிணத்தையும் பொதுப்பாதையில் கொண்டுபோக விடுங்கள் என்று தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். கலவரம் மூண்டது. வீடுகள் நொறுங்கின. போலீசார் சுட்டார்கள். இரண்டு பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் எதிர்த்தரப்பைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்களும் ஏழைகள்தாம். ஏழையை ஏழையோடு மோதவிட்டுப் போலீஸ் குண்டுக்கு இரையாக்குவதில்தான் சாதி கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது.

இந்தச் சுவர் நேற்று முளைத்ததல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, பூணூல் தரித்து, மேல்சாதியாரிடம் மேல்சாதியாராகவே நடந்து மதம் பரப்பினார். பிறகு அந்த மிஷனில் மேல்சாதிக்குத் தனிச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று இரண்டு வகையே உண்டாயிற்று. ஆளைச் சேர்க்கச் சாதியோடு செய்துகொண்ட சமரசம், ஆள் சேர்ந்த பிறகும் விடவில்லை. புராட்டஸ்டண்டுகளின் கதை சற்று வேறு. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டொழிக்க வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்! கிறிஸ்துவா, சாதியா என்று கேட்டபோது கூச்சமில்லாமல் பதில் சொல்லிவிட்டார்கள்.

தெற்கே வடக்கன்குளத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அந்த ஊர் அப்போது திருச்சி மேற்றிராணியாரின் ஆளுகைக்குள் இருந்தது. மேல்சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டை போல இரண்டாகப் பிளந்து அங்கே மாதா கோவிலைக் கட்டியிருந்தார்கள். 1910-ல் சேசுசபைச் சாமியார்களே அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். மேல்சாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள். ஆக, சாமியார்கள் மனம் வைத்தால் சுவரை எடுக்க முடியும் என்பது நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். "ஜனங்கள் ஒப்பமாட்டார்கள், கலகம் வரும், பொறுத்துத்தான் போகவேண்டும்" என்று இன்றைக்கு யாராவது சொன்னால், வடக்கன்குளத்தைக் காட்டிக் கேளுங்கள்: அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை?

இனி, சர்க்கார் எழுப்பிய சுவருக்கு வருவோம்.

1950-ல் குடியரசுத் தலைவர் பெயரால் ஷெடியூல்டு சாதிகள் ஆணை பிறந்தது. அதன் மூன்றாவது பிரிவு, இந்து அல்லாதவர் யாரும் ஷெடியூல்டு சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் உள்ளே சேர்த்துக் கொண்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு சாத்தியே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடரைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இல்லை.

ஏட்டில் படித்தால் இது ஏதோ சட்டப் பிரிவு என்று தோன்றும். சேரியில் போய்ப் பாருங்கள், என்னவென்று புரியும். அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே கூரை வரிசை, ஒரே பண்ணையில் அறுவடை, ஒரே மரக்காலில் கூலி. அண்ணன் மாரியம்மனைக் கும்பிடுகிறான், தம்பி அந்தோணியாரைக் கும்பிடுகிறான். மிராசுதார் இருவரையும் ஒரே சாதிப் பெயர் சொல்லித்தான் ஏசுகிறான். டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் வைக்கிறான். ஆனால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அண்ணன் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதலாம். தம்பி எழுத முடியாது. அண்ணன் ரிசர்வ் தொகுதியில் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கலாம். தம்பி நிற்க முடியாது. அடிக்கிறவன் மதம் பார்த்து அடிக்கவில்லை. மருந்து போடும் சர்க்கார் மட்டும் மதம் பார்த்துப் போடுகிறது!

இதனால் என்ன நடக்கிறது? ஒரே மனிதன் இரண்டு பெயரோடு வாழ்கிறான். கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட்டில் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதன், திங்கட்கிழமை வேறொரு மனிதன். பிள்ளையின் படிப்புக்காகத் தன் விசுவாசத்தை ஒளித்து வைக்கிறான். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று கடுமையாகச் சொல்லிற்று. ஏமாற்றும் நிலைக்கு ஏழையைத் தள்ளிய ஆணை எது என்று யாராவது கேட்கவேண்டாமா? நம்பிக்கையை ஒளித்தால் சோறு, வெளியே சொன்னால் பட்டினி என்று ஒரு சட்டம் இருக்குமானால், அந்தச் சட்டத்துக்கும் மதச் சுதந்திரத்துக்கும் என்ன உறவு?

சூசை என்று ஒரு தொழிலாளி. சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். செருப்புத் தைக்கும் ஷெடியூல்டு சாதியினருக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, நீ கிறிஸ்தவன், உனக்கில்லை என்றார்கள். வெயிலும் மழையும் அவர் தலையில் மட்டும் மதம் பார்த்து விழவில்லையே! சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடரலாம் என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனால் இந்துவாக இருந்தபோது பட்ட கொடுமை கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதுமான சாட்சியம் காட்டப்படவில்லை என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

சாட்சியம் வேண்டுமாம், சாட்சியம்! மேலப்புதூர்ச் சுவரைவிடப் பெரிய சாட்சியம் என்ன வேண்டும்? செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்ற சாட்சியம் அது. எந்த வக்கீலும் குறுக்கு விசாரணை செய்து அதைக் கலைக்க முடியாது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. டில்லி சர்க்கார் 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணத்தில், கிறிஸ்தவ மதத்தில் தீண்டாமை இல்லை, ஆகவே பட்டியலில் இடமில்லை என்று வாதாடியது. மேற்றிராணிமார்கள் அதை மறுத்து, எங்கள் ஜனங்கள் இன்னும் தீண்டாமைக் கொடுமையில்தான் கிடக்கிறார்கள் என்று வாதாடுகிறார்கள். நியாயமான கோரிக்கை. நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் அந்தக் கொடுமை யாருடைய வளாகத்தில் நடக்கிறது? யாருடைய கல்லறைத் தோட்டத்தில்? யாருடைய தேரோட்டத்தில்? டில்லியில் நியாயம் கேட்கப் போகிறவர், திருச்சியில் தம் கையில் இருக்கும் நியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கொடுத்தால் கோரிக்கை பலவீனப்பட்டுவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. கல்லறைச் சுவரை இடித்துவிட்டதாலேயே மிராசுதாரின் வாய் இனித்துவிடாது. டீக்கடைக் கிளாஸ் ஒன்றாகிவிடாது. கிராமத்தில் தீண்டாமை இருக்கும் வரை தாழ்த்தப்பட்டவனுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும், அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும்.

திருச்சபையின் உச்சியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமாபுரிக்குப் போனபோது, போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், சாதி பார்ப்பது கிறிஸ்தவத்துக்கு விரோதம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தானே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை நடப்பதை ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு! சபையின் முதுகெலும்பே அவர்கள்தான். 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தாழ்த்தப்பட்டவர்களிலிருந்து முதல் கர்தினால் ஆனார். மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறியதைச் சொல்லி, ஆயிரம் பேர் கல்லறை ஓரத்தில் தள்ளப்படுவதை மறைக்க முடியாது. அறிக்கைக்குப் பஞ்சமில்லை. கடப்பாரைக்குத்தான் பஞ்சம்.

கிறிஸ்தவனாக வாழ்வது என்றால் இன்றைய காலத்தில் என்ன பொருள்? சினிமா, செல்போன், அரசியல் எல்லாம் ஜனங்களைக் கெடுத்துவிட்டன, விசுவாசம் குன்றிவிட்டது என்று பிரசங்க மேடைகளில் அங்கலாய்ப்பு கேட்கிறோம். பையன் பூசைக்கு வரவில்லை, பெண் ஜெபமாலை சொல்லவில்லை என்று குறைப்படுகிறார்கள். இருக்கலாம். ஆனால் சாதிச் சங்கத்து மாநாட்டில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் காலையில் நற்கருணை வாங்கும் பெரியமனிதரைப் பற்றி ஏன் பிரசங்கம் இல்லை? ஆலையில் ஆட்குறைப்புச் செய்துவிட்டுக் கோவிலுக்குத் தேர் செய்து கொடுக்கும் முதலாளியைப் பற்றி ஏன் மூச்சு இல்லை? பையன் கோவிலுக்கு வராததற்கு சினிமாதான் காரணமா, அல்லது கோவிலில் தன் தாத்தாவைப் புதைத்த இடத்தை அவன் பார்த்துவிட்டானா?

விசுவாசத்தை வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் நம் மாவட்டத்து மனிதர்.

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் ஏறி, ஸ்ரீரங்கத்தைக் கடந்து, கொள்ளிடத்தையும் தாண்டினால் லால்குடிப் பக்கம். அந்தப் பக்கத்து விரகாலூரில் 1937 ஏப்ரல் 26-ந் தேதி பிறந்தவர் ஸ்டான் சுவாமி. 1957-ல் சேசுசபையில் சேர்ந்தார். படித்தவர், நினைத்திருந்தால் ஏதாவதொரு கல்லூரியில் முதல்வராக உட்கார்ந்து கௌரவமாகக் காலம் கழித்திருக்கலாம். அவர் போன இடமோ வடக்கே சிங்பூம் காடு. ஹோ ஆதிவாசிகளின் நடுவே தங்கினார். அவர்களுடைய நிலம் பொதுச் சொத்து, தலைவன் தீர்ப்பு பொதுப் பேச்சில் வருவது, விளைச்சலில் பங்கு உண்டு என்ற வாழ்க்கையைப் பார்த்தார். பிறகு 1975 முதல் 1986 வரை பெங்களூரில் சமூக ஆராய்ச்சிக் கழகத்தை நடத்தி, எத்தனையோ இளைஞர்களுக்குச் சமுதாயத்தை அலசக் கற்றுக்கொடுத்தார். மறுபடியும் காட்டுக்கே திரும்பினார்.

ஜார்க்கண்ட் மண்ணுக்கடியில் நிலக்கரி, இரும்பு, யுரேனியம். மண்ணுக்கு மேலே ஆதிவாசி. மண்ணுக்கடியில் இருப்பது வேண்டும் என்றால் மேலே இருப்பவனை விரட்டவேண்டும். இதுதான் கம்பெனிகளின் கணக்கு. ஸ்டான் சுவாமி எதிர்த்தார். கத்தி எடுக்கவில்லை. சட்டப் புத்தகத்தைத்தான் எடுத்தார். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை என்ன சொல்கிறது, 1996-ம் ஆண்டுச் சட்டம் கிராம சபைக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறது, 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் யாருக்கு நிலம் கொடுக்கச் சொல்கிறது என்று ஆதிவாசிகளுக்குப் படித்துச் சொன்னார். நக்ஸலைட் என்று பட்டம் சூட்டி விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கப்பட்ட இளைஞர்களை எண்ணிக் கணக்கெடுத்து, ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். பெரும்பாலோர் கையில் ஜாமீனுக்குக் காசில்லாத ஏழைப் பையன்கள்.

அதற்குக் கிடைத்த கூலி என்ன? 2020 அக்டோபர் 8-ந் தேதி இரவு, 83 வயதுக் கிழவரை ராஞ்சியில் கைது செய்து பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள். பீமா கோரேகான் வழக்காம். யு.ஏ.பி.ஏ. சட்டமாம். கை நடுக்க நோய். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்திவிடும். உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல் கேட்டார். இந்த வல்லரசு, ஒரு கிழவருக்கு ஓர் உறிஞ்சு குழல் கொடுக்கலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசித்தது! 2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. மே மாதம் ஐகோர்ட்டில் வீடியோ மூலம் நிறுத்தப்பட்டபோது, ஆஸ்பத்திரி வேண்டாம், என் ஜனங்களோடு இருக்க விடுங்கள் என்று கேட்டார். விடவில்லை. ஜூலை 5-ந் தேதி, அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்றே, கைதியாகவே பம்பாய் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அவர் கம்ப்யூட்டரில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் வெளியிலிருந்து திருட்டுத்தனமாகப் புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனமான ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்தது, மனிதர் வரவில்லை.

தச்சன் வீட்டில் வளர்ந்து, செம்படவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, சர்க்காரால் கொல்லப்பட்டு, சொந்தமாக ஒரு கல்லறைகூட இல்லாமல் இரவல் கல்லறையில் அடக்கமானவரின் சீடன் என்று சொல்லிக்கொள்ள ஸ்டான் சுவாமிக்கு உரிமை இருந்தது. அவர் மறைந்தபோது திருச்சிப் பக்கத்துக் கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அவர் படத்துக்கு மாலை விழுந்தது. நல்லது. ஆனால் தெரிந்து கொள்ளுங்கள்: அவர் படத்தை மாட்டும் ஆணி, சாதிச் சுவரில் அடிக்கப்பட்டதாக இருக்கக்கூடாது.

கிறிஸ்தவர்களும் நாமும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1949-ல் ரோமாபுரி, கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோகும் கத்தோலிக்கர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று ஆணையிட்டது. 1959-ல் கேரளத்தில் நிலப்பிரபுக்களோடும் சாதித் தலைவர்களோடும் கைகோர்த்து ஒரு மந்திரிசபையைக் கவிழ்ப்பதில் மேற்றிராணிமார்கள் முன்நின்றார்கள். பிரான்சில், ஆலைக்குள் புகுந்து தொழிலாளியோடு தொழிலாளியாக வேலை பார்த்த சாமியார்களை 1954-ல் ரோமாபுரியே வெளியே இழுத்தது. பதினோரு வருஷம் கழித்து மறுபடி அனுமதித்தது. உலகம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1980 மார்ச் 24-ந் தேதி எல் சால்வடார் நாட்டில் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ பூசை வைத்துக் கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழை விவசாயிகளைக் கொல்லாதீர்கள் என்று சிப்பாய்களுக்குச் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். ரொமேரோவையும் ஸ்டான் சுவாமியையும் நாம் மதிப்பதற்கு நாம் கோவிலுக்குப் போகவேண்டியதில்லை. அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்தால் போதும்.

நம் பக்கத்திலும் சில விஷயங்களைப் பேசவேண்டும். சங்கக் கூட்டத்தில் ஒரே பாயில் உட்காரும் தொழிலாளர்கள், கல்யாணம் என்றால் சாதி பார்க்கிறார்கள், சாவு என்றால் சாதிச் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். மேலப்புதூர்ச் சுவரைப் பற்றிப் பேசும்போது, "அது கிறிஸ்தவர்களிடம் இருக்கிற கோளாறு" என்று ஸ்ரீரங்கத்துக்காரர் சிரிக்க வேண்டாம். உறையூரில் பாணர் குலத்தில் பிறந்த திருப்பாணாழ்வார், காவிரிக் கரையிலேயே நின்று அரங்கனைப் பாடினார், உள்ளே போக அனுமதி இல்லை. உலோகசாரங்க முனி அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்று கதை. கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். தோளில் சுமந்த கதையைச் சொல்லிக்கொண்டே, திருப்பாணாழ்வாரின் சாதியில் பிறந்தவர்களை வெளியே நிறுத்தினார்கள். 1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது. மேலப்புதூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. சாதி மட்டும் பாலம் இல்லாமலே இக்கரைக்கும் அக்கரைக்கும் நடந்து போய் வந்திருக்கிறது.

ஆனால் இதே மண்ணில் வேறொரு வழியும் உண்டு. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலையில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளிகள் மாண்டார்கள். சங்கத் திடலில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தும்போது ஐந்து பேரையும் சேர்த்தே சொல்கிறோம். யார் என்ன சாதி என்று எந்தத் தொழிலாளியும் கேட்டதில்லை. 1968 டிசம்பர் 25-ந் தேதி, கோவில்களில் வைக்கோலில் குழந்தை ஏசுவைக் கிடத்தி மணியடித்த அதே இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைக் குடிசைக்குள் பூட்டிக் கொளுத்தினார்கள். 44 பேர். அவர்களுக்கும் ஒரே நினைவுச் சின்னம்தான்.

ஆகவே கோரிக்கைகளைச் சுற்றி வளைக்காமல் வைக்கிறோம். திருச்சி மறைமாவட்டமும் கும்பகோணம் மறைமாவட்டமும், மற்ற எல்லா மறைமாவட்டங்களும், தங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் சாதிப் பிரிவினைக்காக எழுந்த சுவர், வேலி, தனி வாசல் எதுவானாலும் அகற்றவேண்டும். இனி வரும் அடக்கங்கள் சாவு வரிசைப்படி நடக்கவேண்டும், சாதி வரிசைப்படி அல்ல. திருவிழாச் செலவிலும் தேரோட்டத்திலும் பங்குப் பேரவையிலும் தாழ்த்தப்பட்டவர்களுக்குச் சம இடம் வேண்டும். கலகம் வரும் என்று பயமுறுத்துபவர்களை சர்க்கார் கவனித்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் போலீஸ், சட்டப்புத்தகம் எல்லாம்.

டில்லி சர்க்கார் 1950 ஆணையின் மூன்றாவது பிரிவை நீக்கவேண்டும். ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-லேயே இதைத்தான் சொன்னது. அந்த அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டு, 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். இரண்டு வருஷத் தவணை கொடுத்தார்கள். தவணைக்கு மேல் தவணை நீட்டினார்கள். 2023 ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாடு சட்டசபை, கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கு ஷெடியூல்டு சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சட்டசபைத் தீர்மானம் நல்ல காகிதத்தில் அச்சாகியிருக்கிறது. அதைக் களத்து மேட்டுக்குக் கொண்டுவரவேண்டியது விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் வேலை.

எப்படி? லால்குடி, மண்ணச்சநல்லூர், துறையூர், முசிறி கிராமங்களில் உள்ள சங்கக் கிளைகள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவ விவசாயத் தொழிலாளர்கள் மீது நடக்கும் சாதிக் கொடுமைகளைத் தனியாக எழுதி வைக்கவேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் அடித்தது, ஸ்டேஷனில் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று வரிசையாக. டீக்கடைக் கிளாஸ், கோவில் தேர், கல்லறை வாசல் எல்லாம் அதில் வரட்டும். 1985-ல் சூசைக்குச் சாட்சியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை அப்படிச் சொல்ல விடக்கூடாது. பொன்மலைச் சங்கத்திலும் ஆலைச் சங்கங்களிலும் உள்ள எழுதத் தெரிந்த தோழர்கள், வாரத்தில் ஒருநாள் மாலை இந்த வேலைக்குக் கிராமங்களுக்குப் போய்வர முடியும்.